ஏழு தட்டும் ஓர் இறுதியாட்டமும்

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான கூடைப்பந்துச் சுற்றுப்போட்டியில் எங்கள் பெண்கள் அணி இறுதியாட்டம் ஆடிய சனிக்கிழமை, நான் வேறோர் ஊரின் மண்டபத்தில் பட்டுச் சேலையோடு பழத்தட்டு ஏந்தி நின்றேன். நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

மாமியின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. மாமி என்றால் அப்பாவின் தங்கை. ஆகவே பிள்ளைக்கு அப்பாதான் தாய்மாமன். தாய்மாமன் வீட்டுத் தட்டுகளில் முதல் தட்டைத் தூக்குவது என் தலையில் விழுந்தது. அந்த மச்சாள் பெரியபிள்ளையானது போன வருடம். முதலில் மண்டபம் கிடைக்கவில்லை. பிறகு வீடியோக்காரருக்கு நாள் இல்லை. பிறகு கனடாவில் இருக்கும் சித்தப்பாவுக்கு லீவு இல்லை. ஊரிலுள்ள எல்லாருக்காகவும் தள்ளிப்போன சடங்கு எனக்காக மட்டும் ஒரு நாளும் அசையவில்லை.

எனக்கோ அது கடைசி செமஸ்டர். படிப்பு முடிந்தால் அணியில் இடமில்லை. முதல் செமஸ்டரிலிருந்து, ஜேர்மனியில் நான் படிக்கும் கார்ல்ஸ்ரூஹே நகரில், ஒரு பயிற்சி விடாமல் போய்க் கொண்டிருந்தேன். அணி இறுதிவரை வந்தது அப்போதுதான். இனி எனக்கு அப்படி ஒரு ஆட்டம் வரப்போவதில்லை என்று எல்லாருக்கும் சொன்னேன். எல்லாரும் தலையை ஆட்டிவிட்டுச் சேலை நிறத்தைப் பற்றிக் கதைத்தார்கள்.

"எனக்கு ஏலாது மாமி."

"ஏழு தட்டு பிள்ளை. நீ வராட்டி ஆறு. தாய்மாமன் வீட்டிலையிருந்து இரட்டைப்படையிலை தட்டு வந்தா சனம் என்ன சொல்லும்?"

"வேறை ஆரையும் பிடியுங்கோவன்."

"உன்ரை அளவுக்கு பிளவுஸ் தைச்சாச்சு. இனி ஆரைப் பிடிக்கிறது?"

அம்மா சமாதானம் பேச வந்தார். "நல்ல நேரம் பதினொரு மணியோடை முடிஞ்சிடும். ஆட்டம் பின்னேரம்தானே? அப்பா காரிலை கொண்டுபோய் விடுவார்." எங்கள் ஆட்களின் வைபவம் சொன்ன நேரத்துக்கு முடிந்து நான் கண்டதில்லை. அப்படியிருந்தும் நம்பினேன். பயிற்சியாளரிடம் பிந்தினாலும் வருவேன், பெயரைப் போட்டுவையுங்கள் என்று கெஞ்சினேன். போட்டுவைத்தார்.

சனிக்கிழமை காலை, அலங்காரம் செய்ய வந்த அக்கா தட்டுத் தூக்கும் ஏழு பேருக்கும் நீளச் சிவப்பு நகங்கள் ஒட்டினார். நான் கையை இழுத்தேன். "வீடியோவிலை கையைத்தான் கிட்ட எடுப்பினம்" என்றார் மாமி. காரில் பிய்த்து எறிந்துவிடலாம் என்று கையைக் கொடுத்துவிட்டேன்.

மண்டபம் என்றாலும் அது அந்த ஊரின் விளையாட்டரங்குதான். கூடைகளை முகட்டுக்கு இழுத்து வெள்ளைச் சீலையால் மூடியிருந்தார்கள். சிவப்புக் கம்பளம் முடியும் இடத்தில், தனியாக நின்று கூடைக்கு எறியும் ஃப்ரீ த்ரோ கோடு தெரிந்தது. சரியாக அந்தக் கோட்டில் தட்டோடு நிற்க வைத்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

பாட்டுப் போட்டார்கள், நடந்தோம். பக்கத்தில் வந்தவளின் தட்டிலிருந்து ஓர் அப்பிள் உருண்டு விழுந்தது. யோசிக்கவே இல்லை, என் தட்டை இடக்கையில் தாங்கிக்கொண்டு, வலக்கையால் அதை நிலத்தில் படாமல் பிடித்துவிட்டேன். சனம் கைதட்டிச் சிரித்தது. வீடியோக்கார அண்ணை சிரிக்கவில்லை.

"தங்கச்சிமார், திரும்ப ஒருக்கா வாசல்லயிருந்து வாங்கோ."

திரும்ப வந்தோம். வெளிச்சம் காணாதாம். இன்னொரு முறை. தட்டை உயர்த்திப் பிடிக்கட்டாம். இன்னொரு முறை. "அண்ணை, எனக்கு நேரம் போகுது" என்றேன். "கொஞ்சம் சிரிச்சுக்கொண்டு வாங்கோ தங்கச்சி" என்றார். நல்ல நேரம் முடிந்தது யாருக்கும் கவலையாக இல்லை.

கடைசியில் தட்டை வைத்துவிட்டு அப்பாவைத் தேடினால், அவர் மேடையில் படத்துக்கு நிற்கிறார். கீழே வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. "தாய்மாமன் இல்லாமல் ஆர் படம் எடுப்பினம்? நான் எப்பிடி வாறது?" என்றார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதனால் கோபம் இன்னும் கூடியது.

சேலையோடு ரயில் ஏறினேன். அது பாதி வழியில் வயலுக்கு நடுவே நின்றுகொண்டது. நகங்களைப் பிய்க்கப் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை, என்ன பசையோ தெரியவில்லை, சொந்த நகமும் சேர்ந்து வரும்போல நொந்தது.

அரங்குக்குள் ஓடும்போது கடைசிக் காற்பகுதி நடந்துகொண்டிருந்தது. நாங்கள் ஒரு கூடை பின்னால். உடை மாற்றி வந்ததும் பயிற்சியாளர் ஒன்றும் கேட்காமல் உள்ளே போகச் சொன்னார். நடுவர் என் கைகளைப் பார்த்தார். இந்த நகங்களோடு விட முடியாது, மற்றவர்களைக் கீறிவிடும் என்றார். அவர் சொன்னது சரி. அதுதான் பொறுக்கவில்லை.

ஆடுகளத்தின் ஓரத்து வாங்கில் உட்கார்ந்து, பிளாஸ்டர் வெட்டும் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக நறுக்கினேன். தலையில் இன்னும் மல்லிகைச் சரம். வலக்கையில் இரண்டு நகம் மிஞ்சியிருக்க ஆட்டம் முடிந்த ஒலி கேட்டது. அதே ஒரு கூடையால் தோற்றோம். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் வாய்விட்டுக் கத்தியிருப்பேன்.

சில மாதம் கழித்து வீடியோ வந்தது. மாமி வீட்டில் எல்லாரும் கூடியிருந்து பார்த்தோம். ஏழு பேரும் வருகிறோம். அப்பிள் விழுகிறது, சிவப்பு நகங்களோடு என் கை அதைப் பிடிக்கிறது. மெதுவாக, பாட்டோடு, இரண்டு தரம் காட்டினார்கள்.

"மாமி, இது முதல்தரம் எடுத்ததெல்லோ?"

"ஓம் பிள்ளை. அதுதான் நல்ல வடிவா இருந்தது. அதையே வைச்சிட்டம்."

"அப்ப மிச்சத்தை என்னத்துக்கு எடுத்தவர்?"

"அது அவரின்ரை வேலையெல்லோ" என்று சொல்லிவிட்டு, மாமி அந்த இடத்தைத் திரும்ப ஒருக்காப் போடச் சொன்னார்.