நடு மதகுத் தண்ணீர்

நீர்த்தேக்கத்துக்குள் நிற்கும் கோபுரத்தில் மேல், நடு, அடி என்று மூன்று மதகுகள். எதைத் திறந்து ஊருக்குத் தண்ணீர் விடுவது என்று பார்ப்பதுதான் மதகுக்காரரின் வேலை. கோடையில் தண்ணீர் அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும். மேலே வெயிலில் வெந்து பாசி பிடித்தது. அடியில் காற்றே படாமல் அழுகிய முட்டையாய் நாறுவது. நடுவில் இருப்பதுதான் தேன். அதைத்தான் அவர் திறந்துவிடுவார்.

"நான் சமைச்சதுக்குப் பேரே இல்ல, இவரு தண்ணிக்குத்தான் பேரு" என்று அவர் மனைவி வாய் ஓயாமல் கேலி செய்வாள்.

அந்த வாய் இப்போது படுக்கையில் ஓய்ந்துவிட்டது. டாக்டர் கையை விரித்துவிட்டார். சாப்பாடு நின்றுபோய், தண்ணீர் ஒன்றுதான் தொண்டையில் இறங்கியது.

பாழாய்ப்போன குளிர்காற்று அந்த வாரம்தானா வர வேண்டும்? மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்க, அடித்தண்ணீர் புரண்டு மேலே வந்தது. ஆண்டுதோறும் நடப்பதுதான். எல்லாம் கலந்து தெளியும்வரை ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு அவரைத் திட்டும். அவர் கடைக்குப் போய்ப் பாட்டில் தண்ணீர் வாங்கி வந்து புகட்டினார். அவள் துப்பிவிட்டாள்.

"இது யாரு வீட்டுத் தண்ணி? நீங்க விடுற தண்ணி வேணும்."

"அது நாறுதும்மா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவருக்கு மனசு கேட்கவில்லை. மச்சினியை அருகில் உட்கார வைத்துவிட்டு, பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு கோபுரத்துக்கு ஓடினார்.

கலந்த தண்ணீரில் மேலேது, கீழேது? திட்ட வருகிறவர்களிடம் வருடா வருடம் அவரே சொல்கிற பதில் அது. அன்று மறந்தா போயிற்று? மறக்கவில்லை. ஆனாலும் நடு மதகில் சோதனைக்கென்று வைத்த குழாயைத் திறந்து பிளாஸ்கில் பிடித்து முகர்ந்தார், கொட்டினார். மேல் மதகில் பிடித்தார், கொட்டினார். அடி மதகையும் விடவில்லை. ஒரு வாய், ஒரே ஒரு வாய் நல்ல தண்ணீர் கிடைக்காதா என்று வாய்விட்டு அழுதபடி மறுபடியும் நடு மதகுக்கே வந்தார்.

வீடு திரும்பியபோது மச்சினி வாசலில் நின்றிருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"குழாய்த் தண்ணியே குடுன்னு அக்கா அடம் பிடிச்சா, மாமா. 'அவரு விட்ட தண்ணிதானே, நாறினா என்ன'ன்னு ரெண்டு மடக்கு குடிச்சா. அப்புறம் 'அவரு எங்கே, எங்கே'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா."

அவர் கையில் பிளாஸ்க் காலியாகவே இருந்தது.