வீடியோ பார்க்கச் சொன்ன நாள்

2013 வாக்கில் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் லைனில் நின்றேன். வயது நாற்பத்து மூன்று. பெட்டிக்கு மூடி வைத்து நான்கு ஸ்க்ரூ முடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. யாரோடும் பேசமாட்டேன். கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் தென்காசிப் பெண்தான் எனக்கும் சேர்த்துப் பேசுவாள்.

பள்ளியில் சிலம்பம் சுற்றியவள். அவள் போனைத் திறந்தாலே உக்ரைன் நாட்டு வாள்வீச்சு வீராங்கனை ஒருத்தி வந்து நிற்பாள்.

"எக்கா, இவ சின்னப் பிள்ளையிலேயே உலகத்த ஜெயிச்சவ. நடுவுல முட்டி போயி, அவ்வளவுதான்னு எழுதிட்டாங்க. திரும்ப வந்து மெடல் வாங்கிட்டாள்லா! அவ ஊர்ல கடைக்குப் போனாக்கூட போட்டோ எடுக்கக் கூட்டம் நிக்குமாம்."

"பாவம்" என்றேன்.

"என்ன பாவம்? கேன்டீன்ல ரெண்டாவது கரண்டி சாம்பார் கேக்க வெக்கப்படுற ஆளு நீங்க. உங்ககிட்ட போய்ச் சொன்னேன் பாருங்க."

கால் கடுக்க, அரைத் தூக்கத்தில் அவள் போனில் ஆட்டங்களைப் பார்ப்பேன். இருவர் வாளும் ஒரே நேரத்தில் எதிராளி மேல் பட்டால் இரண்டு விளக்கும் எரியும். புள்ளி யாருக்கு என்று நடுவர் சொல்வார். தவறு என்று தோன்றினால் அந்த வீராங்கனை காற்றில் விரலால் ஒரு கட்டம் வரைவாள். வீடியோவைப் பார் என்று அர்த்தம். நடுவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து தீர்ப்பை மாற்றுவார். தென்காசிப் பெண் எனக்குக் காட்டியதெல்லாம் அந்த வீராங்கனை ஜெயித்த ஆட்டங்கள்.

எனக்கு அதற்குள் இரண்டு மெமோ வந்திருந்தது. மூன்றாவது வந்தால் வேலை இல்லை. ஒரு நாள் ஷிப்ட் முடியும் நேரத்தில் ஒரு ஸ்க்ரூ இல்லாத பெட்டியோடு சூப்பர்வைசர் வந்தார்.

"இன்னாக்கா, இது உன் பெட்டிதானே?"

நான்கும் போட்டது நன்றாக நினைவிருந்தது. விரல் தானாகக் காற்றில் கட்டம் போட்டது.

"இன்னாது, டிவி வேணுமா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "கேமராவுல பாருங்க சார். நான் நாலும் போட்டேன்" என்றேன். ஏழு வருடத்தில் அவரிடம் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

அவருக்கே ஆச்சரியம் போலிருக்கிறது, கேமரா பார்க்கும் அறைக்குக் கூட்டிப்போனார். பெட்டி நம்பரை வைத்து நேரத்தைக் கண்டுபிடித்தார். திரையில் தொப்பியும் மாஸ்க்குமாக ஒரு பெண் கூன் போட்டு நின்றாள்.

"இது யாரு சார்?"

"நீதான்க்கா."

கை மூன்று முறை ஸ்க்ரூ எடுத்தது. நான்காம் முறை எதையும் எடுக்காமலே போனது. ஸ்க்ரூடிரைவர் வெறும் ஓட்டையில் சுற்றியது. பெட்டி நகர்ந்தது.

"இன்னொரு தபா போடுங்க சார்."

மெதுவாக ஓட்டிக் காட்டினார். வெறும் கைதான்.

"நேத்தும் ஓவர்டைமா?" என்று கேட்டார், குரலைத் தணித்து.

"நாலு நாளா, சார்."

அவர் மெமோ புத்தகத்தைத் திறந்தார். எழுதி முடிக்கட்டும் என்று நின்றேன். பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. கேட்காமலே அதில் உட்கார்ந்தேன்.