உள்ளே ஆள் இருக்கிறது

சுனாமிக்கு அடுத்த வருஷம் மரக்காணம் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் நான் நர்ஸ். கட்டுப் போட வருகிறவர்களில், உப்பளத்தில் பாத்தி மிதிக்கும் அந்த மனிதர்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். வற்றிய உடம்பு, உப்பு பூத்த கணுக்கால், இடது பாதத்தில் மாதக்கணக்காக ஆறாத சர்க்கரைப் புண். வேலைக்குப் போனதும் கட்டை அவிழ்த்துவிட்டு, பாத்தித் தண்ணீரை அள்ளிப் புண்ணில் ஊற்றிக்கொள்வார். எரிந்தால்தான் ஆறும் என்பது அங்கே எல்லோருடைய நம்பிக்கை.

ஒருநாள் கத்தியே விட்டேன்.

"ரத்தத்துல வெள்ளை அணுன்னு இருக்குதுங்க. கிருமியோட சண்டை போட வரும், முடிஞ்சதும் போயிடணும். நீங்க உப்புத்தண்ணி ஊத்தி ஊத்தி அதுங்களைப் போகவே விடல. இப்ப நல்ல சதையையும் சேர்த்து அழிக்குதுங்க."

அவர் வழக்கம்போல் புண்ணை ஊதிக்கொண்டே கேட்டார். "அப்ப எரியறது அதுங்க சண்டை போடறதாம்மா?"

"ஆமா."

"அப்ப உள்ள ஆளு இருக்குது" என்றார், நிம்மதியாக.

மழைக்காலம் முடிந்து உப்பளம் தொடங்கிய பிறகு மறுபடி வந்தார். கட்டைப் பிரித்தேன். புண்ணின் ஓரம் கறுத்திருந்தது. அழுத்தித் துடைத்தும் அவர் முகம் சுளிக்கவில்லை, ஊதவும் இல்லை.

"ரெண்டு நாளா எரியலம்மா" என்றார் மெதுவாக. "எல்லாரும் போயிட்டாங்களா?"

டாக்டரைக் கூப்பிட ஓடினேன்.

இப்போதும் கட்டுப் போடும்போது யாராவது எரியுதே என்று கத்தினால், எனக்குக் கொஞ்சம் மூச்சு வருகிறது.