கண்ணையன் பராமரித்த பூங்கா

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தபோது காதில் விழுந்த செய்தி இது. பக்கத்துப் பேரூராட்சியில் ஒரு ஆள் அரசாங்கப் பூங்காவை மடக்கிவிட்டானாம். ஊஞ்சலையும் சறுக்குமரத்தையும் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, உள்ளே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விதைத்திருக்கிறானாம். எனக்கு இரண்டாவது டீ வருவதற்குள் ஒரு ஊஞ்சல் மூன்று ஊஞ்சலாகி, கூடவே ஒரு சிமெண்டு யானையும் சேர்ந்துவிட்டது. சிமெண்டு யானையை எந்த இரும்புக்கடைக்காரர் எடை போட்டு எடுத்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அந்த யானைமேல் ஆசை வந்துவிட்டது. கிளம்பிப் போனேன்.

ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுக்கொண்டு படித்தாலும் பெரிய பிழை ஒன்றும் வராது.

நெடுஞ்சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே ‘பொன்வாசல் கார்டன்’ என்று ஒரு வளைவு. உள்ளே செம்மண் சாலைகள், வெள்ளையடித்த மனைக்கற்கள், வெயிலில் நிறம் போன கொடிகள். வீடு ஒன்றுகூட இல்லை. யானையும் இல்லை. ஊஞ்சல் நட்டு எடுத்த குழிகூட இல்லை. கோடியில் முப்பத்தைந்து சென்ட் நிலத்தில் கருகருவென்று மல்லாட்டைச் செடி. அதன் நடுவே ஓர் இரும்புப் பலகை: ‘பேரூராட்சிப் பூங்கா. செடிகளைப் பறிக்காதீர்.’ பலகையின் காலடியில் குனிந்து ஒருவர் கோரைப்புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“பார்க்கு பாக்க வந்தீங்களா? பாருங்க, பாருங்க. செருப்ப மட்டும் வரப்புல கயட்டி வுட்டுட்டு வாங்க. காய் புடிக்கிற நேரம்.”

ஆக்கிரமிப்பாளர் அவர்தான். பெயர் கண்ணையன். வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருஷமாக ஆலைக்குக் கரும்பு வெட்டப் போகிறவர். அடுத்தவர் கரும்பை வெட்டிய கூலியில்தான் மகள் சித்ராவைக் கண்டாச்சிபுரத்தில் கட்டிக்கொடுத்தார். சொந்தமென்று இருந்தது அப்பா விட்டுப்போன இந்த முப்பத்தைந்து சென்ட். ஐந்தாவது வரை படித்ததால் கையெழுத்துப் போடத் தெரியும். அதிகம் போட்டதில்லை. ரேஷன் கடையில் ஒன்று, மகள் பள்ளிக்கூடத்தில் ஒன்று, கல்யாணத்துக்குச் சங்கத்தில் கடன் வாங்கியபோது மூன்று. ஆறாவது கையெழுத்தில்தான் நிலம் போயிற்று.

நிலம் கூட்டுப் பட்டா. பெரியப்பா பங்கும் கண்ணையன் பங்கும் ஒரே சர்வே எண், ஒரே பட்டா. நடுவில் ஒரு வரப்பு. நாற்பது வருஷமாக அந்த வரப்பை யாரும் ஒரு சாண்கூட நகர்த்தியதில்லை. அதைத் தாளில் ஏற்றி உட்பிரிவு செய்ய வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றவில்லை. வரப்பே இருக்கும்போது தாள் எதற்கு என்பதுதான் அந்தப் பக்கத்துச் சட்டம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பெரியப்பா மகன் ரஞ்சித் தன் பங்கைப் பொன்வாசல்காரர்களுக்கு விற்றார். கூட்டுப் பட்டா என்பதால் மற்றவர் கையெழுத்தும் வேண்டும்.

“அண்ணே, ஒரு ஃபார்மாலிட்டி. ஆட்சேபணை இல்லன்னு ஒரு கையெழுத்து. நான் விக்கறத நீ ஒத்துக்கற, அவ்ளோதான்.”

“உன் நெலத்த நீ விக்கற, எனக்கு இன்னாடா ஆட்சேபணை?” என்று வரப்பிலேயே உட்கார்ந்து, தொடைமேல் தாளை வைத்துப் போட்டுக் கொடுத்தார் கண்ணையன். தாளில் வரப்பு இல்லை. இரண்டு பங்கும் சேர்ந்த சர்வே எண்தான் இருந்தது.

இங்கே கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். மனை பிரிப்பவர்கள் மொத்த நிலத்தில் பத்தில் ஒரு பங்கைப் பொது இடமாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். பொன்வாசல்காரர்கள் வளைத்தது மூன்றரை ஏக்கர். பத்தில் ஒரு பங்கு எவ்வளவு? முப்பத்தைந்து சென்ட். வரைபடக்காரர் பென்சிலை எடுத்தபோது அந்த அளவில் ஓர் இடம் தயாராக, வரப்போடு, ஓரமாக இருந்தது. அவர்கள் பையிலிருந்து ஒரு சென்ட்கூடப் போகாமல் பூங்கா வந்துவிட்டது. தானத்தில் சிறந்தது அடுத்தவர் நிலத்தைத் தானம் செய்வது. கொடுக்கிற கைக்கு வலியே தெரியாது.

விவசாய நிலத்தைக் குடியிருப்பாக மாற்றுவதற்கு முன் ஆட்சேபணை கேட்டு அறிவிப்பு ஒட்டுவார்கள். ஒட்டினார்கள். பேரூராட்சி அலுவலகத்தின் அறிவிப்புப் பலகை வாசல் கதவின் உட்பக்கம் ஆணியடித்து மாட்டப்பட்டிருக்கிறது. அலுவலகம் திறந்திருக்கும் நேரமெல்லாம் கதவும் திறந்திருக்கும், பலகை சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். மாலையில் கதவைச் சாத்தியதும் உள்ளே இருந்து நன்றாகப் படிக்கலாம். முப்பது நாளும் சுவர் எந்த ஆட்சேபணையும் தெரிவிக்கவில்லை.

பிறகு மன்றக் கூட்டம். நாற்பத்தொரு பொருள், இருபத்தாறு நிமிடம். அந்த வார்டு உறுப்பினர் தென்னரசுவைக் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார்.

“பொருள் எண் ஒன்பது. படிச்சாங்க. ஆதரிக்கிறவங்க கைய தூக்குங்கன்னாங்க. நான் தூக்கல சார்.”

“எதிர்த்தீங்களா?”

“கையில போண்டா.”

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

இதெல்லாம் கண்ணையனுக்குத் தெரிந்தது போன ஆனி மாதம், பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் என்ற பயிர்க்கணக்கின் நகல் கேட்டு கிராம நிர்வாக அலுவலரிடம் போனபோது. “இந்த இடம் பார்க்குன்னு வருதே பெரியவரே” என்றார் அவர். கண்ணையன் சிரித்துவிட்டார். பக்கத்து மனைக்காரன் நிலத்தைச் சொல்கிறார் என்று நினைத்தாராம். இரண்டாம் தடவை சொன்னபோது உட்கார்ந்துவிட்டார்.

பேரூராட்சி அலுவலகத்தில் அவருக்கு உட்கார நாற்காலி போட்ட ஒரே ஆள் சகாயராஜ். இளநிலை உதவியாளர், நல்ல மனுஷர். அந்த நல்ல மனுஷர் ஒரு யோசனை சொன்னார்.

“இத பாருங்க, விவசாயம் நடக்காத தரிசு நிலம்னு சொல்லித்தான் மாத்தியிருக்காங்க. நீங்க பயிர் வெய்ங்க. செழிப்பா வெய்ங்க. விழுப்புரத்துலேருந்து ஆய்வுக்கு வர்றப்ப பயிர் நிக்கட்டும். அத மீறி யாரு என்னா பண்ண முடியும்?”

கண்ணையன் பிடித்துக்கொண்டார். ஆடி பிறந்ததும் உழுதார். வீட்டில் இருந்த விதை பாதி நிலத்துக்குத்தான் வந்தது. அடுத்த தெரு தையல்நாயகி, தனியாளாக அரை ஏக்கர் பார்க்கிற பெண், தன் விதையிலிருந்து இரண்டு மரக்கால் அளந்து, அளவுப் பாத்திரமான அந்த மரக்காலோடு கொடுத்தார். அந்தப் பக்கம் விதைக் கடன் அப்படித்தான். அளந்த மரக்கால் வாங்கினவர் வீட்டிலேயே இருக்கும். அந்த விதையில் விளைந்ததை அதே மரக்காலில் குவித்து அளந்து திருப்ப வேண்டும். வெறும் மரக்கால் திரும்பக் கூடாது.

அதற்குப் பின் அவர் அந்த நிலத்தைப் பார்த்ததுபோல் பெற்ற பிள்ளையைப் பார்த்ததில்லை என்கிறார் மனைவி அஞ்சம்மாள். “கரும்பு வெட்டவும் போவல. குடத்துல தண்ணி மொண்டுக்கினு போயி ஒவ்வொரு செடிக்கும் ஊத்துறாரு சார். எனக்கு இப்டி ஒரு வாய் தண்ணி குடுத்திருப்பாரா?”

ஆவணியில் ஆய்வுக்கு ஜீப் வந்தது. அதிகாரி இறங்கினார். மனைக்கற்களைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார். பூங்காவுக்கு விட்ட இடத்தைப் பார்த்தார். பச்சைப் பசேல் என்று, ஒரு களை இல்லாமல், அளவெடுத்ததுபோல் வரிசை வரிசையாகச் செடி. மஞ்சள் பூ வேறு. கண்ணையன் தோளில் இருந்த துண்டை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டு நின்றார்.

“நீங்கதான் பாக்குறீங்களா?”

“நான்தாங்க. முழுக்க நான்தாங்க.”

“நல்லா மெயின்டெய்ன் பண்றீங்க.”

அறிக்கையில் இப்படி எழுதப்பட்டது: ‘பூங்காவிற்கென ஒதுக்கப்பட்ட இடம் செடிகள் நடப்பட்டு, காவலாளி நியமிக்கப்பட்டு, சிறப்பாகப் பராமரிக்கப்பட்டு வருகிறது.’ ஒரு வாரத்தில் பொன்வாசல் கார்டனுக்கு இறுதி ஒப்புதல் கிடைத்தது. பேரூராட்சியிலிருந்து வந்து பயிருக்கு நடுவே பலகையும் நட்டார்கள். களையை விட்டிருந்தால், தண்ணீர் ஊற்றாமல் காயவிட்டிருந்தால், ஒருவேளை ஒரு கேள்வியாவது வந்திருக்கும். சகாயராஜ் அதற்குப் பிறகு கண்ணையனைக் கண்டால் பீரோவுக்குப் பின்னால் போய் ஃபைல் தேடுகிறார்.

புரட்டாசியில் ஒரு மனு வந்தது. கோட்டக்குப்பத்திலிருந்து நஃபீசா பீவி என்ற அம்மா கொடுத்தது. கணவர் குவைத்தில் இருபது வருஷம் டிரைவராக இருந்த சம்பாத்தியத்தில், பூங்காவைப் பார்த்த மனை என்று கூடுதலாகக் கொடுத்து வாங்கியிருந்தார். வந்து பார்த்தால் மல்லாட்டை. யாரோ பூங்காவை ஆக்கிரமித்திருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அங்கிருந்து புறப்பட்ட செய்திதான் திண்டிவனம் டீக்கடைக்கு யானையோடு வந்து சேர்ந்தது.

பிறகு விஷயம் தெரிந்து அந்த அம்மாவே கண்ணையனைத் தேடி வந்தார். “அல்லா சாட்சியா எனக்குத் தெரியாதுண்ணே. மனுவ வாபஸ் வாங்கிக்கிறேன்னு கேட்டேன். நம்பர் போட்டாச்சு, முடியாதுங்குறாங்க.”

“நீ இன்னாம்மா பண்ணுவ? உன்னையும் பேஜாரு பண்ணிட்டானுங்க” என்று சொல்லி, ஒரு செடியைப் பிடுங்கி, பால் பிடித்த காயை அவர் கையில் கொடுத்தார் கண்ணையன். அந்தப் பருவத்தில் அந்த நிலத்திலிருந்து ஒருவர் வாய்க்குப் போனது அவ்வளவுதான்.

மனுவின் மேல் மன்றம் கூடியது. இந்தத் தடவை தென்னரசுவின் கை காலியாக இருந்தது, எழுந்து பேசினார். “பயிர் அவரு வெச்சதுங்க.” உடனே செயல் அலுவலர் சொன்னாராம்: “வெச்சது அவரா இருக்கலாம். நின்னுக்கினு இருக்கறது நம்ம இடத்துல.” புளியமரம், தென்னைமரம் மகசூலை ஏலம் விடுவதுபோல, பூங்காவில் விளைந்த மல்லாட்டையையும் பொது ஏலம் விடுவது என்று தீர்மானமாயிற்று. ஏலம் முடியும்வரை யார் பிடுங்கினாலும் அரசுச் சொத்துத் திருட்டு.

ஐப்பசி பத்தாம் தேதி முதல் ஏலம். ஊரில் ஒருவரும் போகவில்லை. “கண்ணையன் வெள்ளாமைய நான் கேட்டா நாளைக்கு எவன் மூஞ்சில முழிப்பேன்?” என்றார் வழக்கமாகப் புளியமரம் எடுக்கிறவர். நல்ல ஊர். ஒரு கெட்டவன் இருந்து ஏலம் எடுத்திருந்தால், கண்ணையன் கைகாலைப் பிடித்தாவது அவனிடமிருந்து வாங்கியிருக்கலாம்.

ஏன், கண்ணையனே கேட்டிருக்கலாமே? அவரும் போனார். ஏலத்தொகை ஒன்றும் பெரிதில்லை, அஞ்சம்மாளின் மூக்குத்தியோடு முடிந்துவிடும். ஆனால் ஏலம் கேட்க ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும். நிபந்தனை எண் ஒன்று: ‘மேற்படி இடம் பேரூராட்சிக்குச் சொந்தமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.’

படிவத்தை இரண்டு தடவை படித்தார். மூடியைத் திறந்த பேனாவை அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

இரண்டாவது ஏலத்துக்கு முதல் நாள் நான் அங்கே இருந்தேன். செடியில் இலை பழுத்துப் புள்ளி விழுந்திருந்தது; பிடுங்கும் பதம் வந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. கிழக்கே மேகம்.

“போட்டுத் தொலையேன்யா” என்றார் அஞ்சம்மாள். “நெலந்தான் போச்சு, வெளஞ்சதாவது வூட்டுக்கு வரட்டும்.”

“போட்டா நெலம் போனது நெசமாயிடும்.”

“இப்ப மட்டும் இன்னா, பொய்யாவா போயிருக்குது?”

“இப்ப திருடிக்கினு போயிருக்கான். போட்டா நான் குடுத்ததா ஆயிடும்.”

அஞ்சம்மாள் என்னைப் பார்த்தார். “நீங்களாவது சொல்லுங்க சார். படிச்சவரு.” கண்ணையன் திண்டிவனம் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருப்பதையும், தை மாதம் வாய்தா இருப்பதையும் சொன்னேன். தை வரைக்கும் மல்லாட்டை மண்ணுக்குள் இருக்குமா என்று கேட்டார். இருக்காது என்பது அவருக்கும் தெரியும்.

இரண்டாவது ஏலத்துக்கும் ஆள் வரவில்லை. மூன்றாவது ஏலத்தன்று மழை. அலுவலகத்துக்கே யாரும் வரவில்லை. ஒன்பது நாள் விடாமல் பெய்தது. கண்ணையன் குடையில்லாமல் வரப்பில் போய் நின்றுவிட்டு வருவார். பிடுங்கவில்லை. அவர் பிடுங்குகிறாரா என்று பார்க்க ஒரு பணியாளரைப் போட்டிருந்தார்கள். அவரும் நனைந்துகொண்டு நின்றார்.

மழை விட்டதும் மண்ணுக்குள் இருந்த காயெல்லாம் முளைத்துவிட்டது. பழைய செடி அழுக, அதன் அடியிலிருந்து புதிதாகப் பச்சை கிளம்பி, நிலம் முன்னைவிட அழகாக இருந்தது. பேரூராட்சியிலிருந்து வந்து படம் எடுத்துப் போனார்கள். ‘மகசூல் இல்லாததால் ஏலம் கைவிடப்படுகிறது, பூங்கா பசுமையாக உள்ளது’ என்று தீர்மானம். பலகை லேசாகச் சாய்ந்திருந்தது. இப்போது அதன் காலடியில் யாரும் கோரை பிடுங்குவதில்லை.

கண்ணையன் மறுபடி கரும்பு வெட்டப் போகிறார்.

கார்த்திகைக் கடைசியில் தையல்நாயகி வந்தார். மார்கழிப் பட்டத்துக்கு அவருக்கே விதை வேண்டும். வாயைத் திறந்து கேட்கவில்லை. வாசலில் நின்று மழையைப் பற்றிப் பேசினார். கண்ணையனே ஆரம்பித்தார்.

“மார்க்கெட்டு கமிட்டில வாங்கியாந்து அளந்துடட்டுமா நாயகி?”

“கடையில வாங்குறதுன்னா நானே வாங்கிக்க மாட்டனா மாமா? அது விதைக்கு விதை ஆவுமா? வுடு. அடுத்த பட்டத்துல வெளஞ்சி குடு.”

“எந்த நெலத்துல?”

தையல்நாயகி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அஞ்சம்மாள் உள்ளே போய், அடுப்பு மேட்டில் இருந்த மரக்காலை எடுத்து வந்து, “இதையாவது எடுத்துக்கினு போம்மா” என்று நீட்டினார். தையல்நாயகி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வெறும் மரக்காலை வாங்கினால் கடன் தீர்ந்ததாக ஆகிவிடும்.

மரக்கால் இன்னும் கண்ணையன் வீட்டு அடுப்பு மேட்டில்தான் இருக்கிறது. தையல்நாயகி இப்போது எதை அளப்பதென்றாலும் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கித்தான் அளக்கிறார்.