கோத்தகிரிக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனோம்

தொண்ணூற்று மூன்றாம் வருடம், பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை. என் தங்கை வசந்தாவுக்கு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை மணி தூரத்து உறவு. கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மெக்கானிக். அம்பத்தூரில் வேலை பார்க்கும் வசந்தா, "ஆளப் பாக்கறதுக்கு முன்னாடி ஊரப் பாக்கணும்ணா. காலம் பூரா அங்க இருக்கப்போறது நான்தானே" என்று சொல்லிவிட்டாள். அப்பா அரை மனதோடு என்னைத் துணைக்கு அனுப்பினார்.

பட்டாபிராமிலிருந்து விடிகாலை வண்டியில் சென்ட்ரல் போய், கோவை எக்ஸ்பிரஸைப் பிடித்தோம். அது நாங்கள் வந்த வழியே திரும்பி, எங்கள் ஸ்டேஷனில் நிற்காமல் பறந்தபோது வசந்தா சிரித்தாள். அரக்கோணம் வரை ஏரிகளும் தட்டையான வயல்களும். காட்பாடி தாண்டியதும் மொட்டைப் பாறைக் குன்றுகள் எழுந்தன. ஆம்பூர்ப் பக்கம் பாலாறு வெறும் மணலாகக் கிடந்தது.

"ஆறுன்றாங்க, தண்ணி எங்க கீது?" என்றாள் வசந்தா.

ஜோலார்பேட்டையில் இறங்கவிருந்த ஓர் அம்மாள், "மணலுக்கு அடியில ஓடுதும்மா. எங்க கிணறெல்லாம் அதுலதான் ஊறுது" என்றாள்.

சேலத்தில் சேர்வராயன் மலை நீலமாய் நின்றது. ஈரோட்டுக்கு முன்னால் காவிரிப் பாலம். பாறைகளைச் சுற்றிக்கொண்டு உண்மையாகவே தண்ணீர் ஓடியது.

கோவையில் தங்கி, மறுநாள் காலை மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறினோம். கோத்தகிரி முப்பத்து மூன்று கிலோமீட்டர். பாக்குத் தோப்புகள் கீழே போயின, காது அடைத்தது, வளைவுக்கு வளைவு சமவெளி அகன்றுகொண்டே போனது. பிறகு இடுப்புயரத்தில் ஒரே மட்டமாய் வெட்டிய தேயிலைச் சரிவுகள். வசந்தா ஜன்னலை விட்டுத் தலையைத் திருப்பவேயில்லை.

பஸ் நிலையத்தில் மணி, கையில் ஒரு ஸ்வெட்டருடன் காத்திருந்தார். அவளுக்காகத் தன் அக்காவிடம் வாங்கி வந்தாராம். டீக்கடையில் உட்கார்ந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஊரு புடிச்சிருக்கா?"

"ஊரு புடிச்சிருக்கு. உங்களத்தான் இன்னும் சரியா பாக்கல."

நான் டம்ளரோடு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டேன். காதில் விழுந்தது கொஞ்சம்தான்.

"இங்க எனக்கு வேல கெடைக்குமா?"

"கெடைக்கும்னு சத்தியம் பண்ண முடியாது. தேடலாம். நானும் கூட வரேன்."

மலையிறங்கும்போது, "நைனாகிட்ட சரின்னு சொல்லிடுண்ணா" என்றாள்.

திரும்பும் ரயிலில் காவிரியும் மலைகளும் மணலாறும் மறுபடி வந்தன. போகும்போது அழகாக மட்டும் இருந்தவை, இப்போது எனக்கும் அவளுக்கும் நடுவே ஒவ்வொன்றாய் வந்து உட்கார்ந்தன. எங்கள் ஊரில் மொட்டை மாடியில் ஏறினாலும் அடுத்த தெருதான் தெரியும். அங்கே பஸ் ஜன்னலிலேயே பாதி நாடு தெரிகிறது. அதைப் பார்த்துவிட்டவளை எதைச் சொல்லி நிறுத்துவது?

வாசலிலேயே அப்பா கேட்டார்: "ரொம்ப தூரமாடா?"

"தூரந்தான் நைனா," என்றேன். "ஆனா அவளுக்கு ஏத்த ஊரு."