காக்காப்பொன் ஒட்டிய கால்கள்

குருவம்மாளின் புருஷன் பெரியமுத்துவுக்கு மூணாறு எஸ்டேட்டில் தேயிலைக் கன்று நடக் குழி வெட்டுகிற வேலை. எவ்வளவு ஆழம் போனாலும் பாறை தட்டாத செம்மண் அது. அடைமழையிலும் குழியில் தண்ணீர் நிற்காது. ஆனால் மண்ணெல்லாம் காக்காப்பொன் துகள். பேர்தான் பொன், காசுக்குப் பிரயோசனமில்லை. சாயங்காலம் அவர் கால்கள் முழங்கால்வரை மினுங்கும்.

"கழுவிட்டு உள்ள வாங்க, வீடு பூராம் மினுக்குது!" முப்பது வருஷம் வாசலில் வாளியோடு நின்று கத்தினாள்.

நேற்று நெஞ்சுவலியில் அவர் போய்ச் சேர்ந்தார். இன்று அதே மண்ணில் புதைத்துவிட்டு மகன் லோகேஷ் திரும்பினான். வழக்கப்படி கால் கழுவ வாசலில் வாளி வைத்திருந்தார்கள். அவன் கால்கள் மினுங்கின. குருவம்மாள் வாளியை எட்டி உதைத்தாள்.

"கழுவாத. அப்படியே உள்ள வாய்யா."