கனம் யாருடையது

பைடோம் நகரத்து ட்ராம் பட்டறையில் சக்கரங்களைத் தட்டிப் பார்ப்பது டோரோட்டாவின் வேலை. சுத்தியலால் ஒரு தட்டு. விரிசல் இருந்தால் அவள் காது சொல்லிவிடும். வேலை முடிந்ததும், மூடிப்போன சுரங்கத்தின் குளியல்கூடத்தில் ஒரு மெட்டல் இசைக்குழுவோடு, அடியோசை தரும் பேஸ் கிட்டார் வாசிப்பாள். பதினோரு வருஷமாக வாசிக்கிறாள். அவள் வாசிப்பு ஒருவர் காதிலும் விழுந்ததில்லை என்பதுதான் கொடுமை.

அதில் அவள் பங்கும் உண்டு. எங்கள் ஊர் மெட்டல்காரர்களுக்கு ஒரு வியாதி: ஆம்ப் என்கிற ஒலிபெருக்கியில் அடியோசைத் திருகும் உச்சியோசைத் திருகும் பத்தில் நிற்கும், நடுவோசைத் திருகு பூஜ்யத்தில் கிடக்கும். தனியாக வாசித்தால் சுவர் அதிரும். குழுவாகச் சேர்ந்தால் எல்லாம் கூழாகிவிடும்.

முதல் ஆல்பத்தின் பதிவு அதே கூடத்தில் தொடங்கியது. அன்றைக்கே கிட்டார்காரன் இரெக் எல்லோர் முன்னாலும் கத்தினான்.

“இது பேஸா, சாக்கடையா? நாளைக்கு மத்தியானத்துக்குள்ள தெளிவா கேக்கலன்னா உன் பகுதியையும் நானே வாசிச்சுடறேன். ஆல்பத்து அட்டையில உன் பேரு இருக்கும், போதுமா?”

“வாசிக்காத பாட்டுல என் பேரு எதுக்கு? உன் பிச்சை எனக்கு வேணாம்.”

டிரம்காரன் சிரித்தான். ஒலிப்பதிவாளர் வீட்டோல்ட் மட்டும் புளித்த மாவு சூப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

டோரோட்டாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கே வந்து வீட்டோல்டைக் கதவு திறக்க வைத்தாள். புதுக் கம்பிகள் மாட்டினாள். தன் கிட்டாரிலிருந்து வரும் ஓசையை இரண்டு வழியாகப் பிரித்தாள். ஒரு வழியில் அடியோசை மட்டும், சுத்தமாக. மற்றதில் அடியை வெட்டிவிட்டு, டிஸ்டார்ஷன் பெடலின் கரகரப்பு மட்டும். சேர்த்துக் கேட்டபோது நல்ல சக்கரத்தைத் தட்டியதுபோல் இருந்தது. கனமும் இருந்தது, ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்டது.

பிறகு நேரே இரெக்கின் ஆம்ப்புக்குப் போய், அடியோசைத் திருகைப் பத்திலிருந்து மூன்றுக்கு இறக்கினாள்.

“அவன் உன்னை உயிரோட விடமாட்டான்,” என்றார் வீட்டோல்ட்.

“ஆளுக்கு ஆள் அடியோசையிலயே கிடந்தா நான் எங்க நிக்கறது? அதோட, அவன் என்னைக்குத் திருகைப் பாத்திருக்கான்?”

பார்க்கத்தான் இல்லை. எல்லோரும் வந்து முதல் பாட்டை வாசித்து முடித்ததும் இரெக் சந்தோஷத்தில் குதித்தான்.

“கேட்டீங்களா! இன்னைக்கு என் கிட்டார் மலை மாதிரி கனமா கேக்குது! நேத்து நான் திட்டினது நல்லதாப் போச்சு.”

இரண்டாவது பாட்டின் நடுவில், எல்லோரும் வெறியோடு வாசித்துக்கொண்டிருந்தபோது, டோரோட்டா தன் கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

மலை காணாமல் போனது. இரெக்கின் கிட்டார் கொசு மாதிரி ரீங்கரித்தது. அவன் மண்டியிட்டு ஒயரைப் பிடித்து உலுக்கினான்.

“வீட்டோல்ட், என் ஆம்ப் போச்சு!”

டோரோட்டா தன் கம்பியில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. இரெக் மண்டியிட்டபடியே திரும்பிப் பார்த்தான்.

“ஆம்ப்புக்கு ஒண்ணும் ஆகல, இரெக். எந்திரி, முதல்லேருந்து வாசிக்கலாம்.”